ஆகாய விமானமும் அச்சேறிய பிழையும்

ஆகாய விமானத்தில் ஏறிப் பிரயாணம் செய்வது இக்காலத்தில் ஓர் அதிசயமன்று. நமது நாட்டின் உள்நாட்டு மார்க்கங்களில் பெரிதும் காணப்படும் ஏர்பஸ் ஏ320 விமானம், பிரயாணிகளும் எண்ணெயும் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 78 டன் எடையுள்ளது. பல யானைகளுக்குச் சமமான இப்பாரம், கண்ணுக்குத் தெரியும் எந்தப் பிடிப்பும் இன்றி, தரைக்குப் பத்துக் கிலோமீட்டர் மேலே மணிக்கணக்காக நிற்கிறது. அதனைத் தாங்குவது எது? இக்கேள்விக்குப் படித்தவர்களில் அநேகர் தயங்காது கூறும் விடை ஒன்று உண்டு. அவ்விடை பிழையானது. பிழையென்று சாஸ்திரம் அறிந்தோர் பலமுறை எடுத்துக் காட்டிய பின்னரும், அது பல நாட்டுப் புத்தகங்களிலும் மறுபடி மறுபடி அச்சேறி வருகிறது. இதனைச் சிறு விஷயமென்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. அதற்குக் காரணம் பின்னால் விளங்கும்.

முதலில், காற்று என்பது வெறும் சூனியமன்று என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. நான்கு மீட்டர் நீளமும், நான்கு மீட்டர் அகலமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையில் அடங்கிய காற்றைத் தராசில் வைக்க இயலுமானால், அது 58 கிலோகிராம், அதாவது வளர்ந்த ஒரு மனிதனுடைய எடை இருக்கும். அன்றியும், நமக்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வீதம் அமுக்கிக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் இந்த அமுக்கம் சமமாக இருப்பதால் நாம் அதனை உணர்வதில்லை. எடையும் அமுக்கமும் உள்ள இப்பொருளைப் பிடித்துக்கொண்டுதான் விமானம் பறக்கிறது.

இனி, மேலே குறித்த பிழையான விடையைப் பார்ப்போம். விமானத்தின் இறக்கை மேற்புறம் வளைந்தும் கீழ்ப்புறம் தட்டையாகவும் இருக்கிறதாம். இறக்கையின் முன்விளிம்பில் இரண்டாகப் பிரியும் காற்று, பின்விளிம்பில் ஒரே சமயத்தில் மீண்டும் கூட வேண்டுமாம். மேலே செல்லும் காற்றுக்கு வழி நீளமாகையால் அது விரைந்து ஓடுகிறதாம். விரைந்து ஓடும் காற்றில் அமுக்கம் குறைவாகையால் இறக்கை மேலே உறிஞ்சப்படுகிறதாம். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால், பிரிந்த காற்று ஒரே சமயத்தில் கூட வேண்டும் என்று கட்டளையிட்டது யார்? இயற்கையில் அப்படியொரு விதி கிடையாது.

இவ்விடையைப் பரீட்சிக்கப் பெரிய ஆராய்ச்சிச்சாலை வேண்டுவதில்லை. நமது சிறுவர்கள் விடும் காற்றாடிக்கு மேற்புற வளைவு ஏது? தட்டைக் காகிதமும் இரண்டு ஈர்க்குகளுமே அது. பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகத்தின் தாளைக் கிழித்துச் செய்யும் காகித விமானத்திற்கும் தட்டை இறக்கைதான். இரண்டும் பறக்கின்றன. வித்தை காட்டும் விமானங்கள் பலவற்றின் இறக்கைகள் மேலும் கீழும் ஒரே வளைவுள்ளவை. அவை தலைகீழாகவும் பறக்கின்றன. வளைவு ஒன்றே காரணமாயின், தலைகீழான விமானம் தரையை நோக்கியன்றோ இழுக்கப்பட வேண்டும்? அன்றியும், சாதாரண இறக்கையில் மேற்புற வழி கீழ்ப்புற வழியைக் காட்டிலும் நூற்றில் சில பங்குகளே நீளம். அவ்வளவு சிறிய வித்தியாசத்தால் உண்டாகும் விசை 78 டன்னைத் தூக்கப் போதாது. எல்லாவற்றிற்கும் மேலாக, நேரில் அளந்து பார்த்ததில் நடப்பதே வேறு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோல்கர் பாபின்ஸ்கி என்பார், காற்றோட்டத்தில் புகையை விட்டு விட்டுச் செலுத்திப் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். மேலே சென்ற புகை, கீழே சென்ற புகையை முந்திக்கொண்டு பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. பிரிந்தவை கூடுவதே இல்லை.

அங்ஙனமாயின் உண்மை யாது? ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியே குழந்தைகள் கையை நீட்டுவதும் பெரியவர்கள் கண்டிப்பதும் எங்கும் உள்ளதே. கண்டிப்பு நியாயமானது. ஆயினும், அக்குழந்தையின் கை அறிந்துகொண்ட பாடம் உயர்ந்த பாடம். உள்ளங்கையைத் தரைக்குச் சமமாக வைத்தால் காற்று பின்னால் மட்டுமே தள்ளுகிறது. கையின் முன்பக்கத்தைச் சற்றே உயர்த்தினால் கை தானாக மேலே எழும்புகிறது. சாய்ந்த கை, எதிரே வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்பது நியூட்டன் 1687-ம் வருஷம் வெளியிட்ட விதி. கை காற்றைக் கீழே தள்ளினால் காற்று கையை மேலே தள்ளியே தீரவேண்டும். ஓடக்காரன் துடுப்பினால் நீரைப் பின்னே தள்ள, ஓடம் முன்னே செல்வது போன்றதே இது. விமானத்தின் இறக்கை, காற்றைக் கீழே தள்ளும் துடுப்பு. விமானத்தைத் தாங்கும் இரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

எவ்வளவு காற்றை அது தள்ளுகிறது என்று கேட்பீர்களாயின், அதற்கும் கணக்கு உண்டு. முன் கூறிய 78 டன் விமானம் மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டுக் கிளம்புவதாகக் கொள்வோம். அப்போது ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 80 டன் காற்று, விநாடிக்கு 9 அல்லது 10 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கிச் செலுத்தப்படுகிறது. தோராயக் கணக்குத்தான், எனினும் பொய்க்கணக்கன்று. தன் எடையளவு காற்றை விநாடிதோறும் கீழே தள்ளிக்கொண்டேதான் அவ்விமானம் மேலே செல்கிறது.

இறக்கையின் அடிப்புறம் காற்றைத் தள்ளுவது எளிதில் விளங்கும். மேற்புறம் என்ன செய்கிறது என்பதே பலருக்கும் ஐயம். சாய்ந்த இறக்கை முன்னேறுகையில், அதன் மேற்புறம் மேலேயுள்ள காற்றை விட்டுக் கீழே விலகிச் செல்கிறது. அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகாதபடி, சுற்றியுள்ள காற்று இறக்கையின் முதுகை ஒட்டியே வளைந்து கீழே இறங்குகிறது. அதனால் மேற்புறத்தில் அமுக்கம் குறைகிறது. அமுக்கம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று விரைந்து பாய்கிறது. ஆகவே, மேற்புறத்தில் காற்றின் வேகம் அதிகம் என்பது உண்மை. வேகம் மிகுந்த இடத்தில் அமுக்கம் குறைவு என்று டேனியல் பெர்னூலி 1738-ம் வருஷம் எழுதிய தத்துவமும் உண்மை. பொய்யானது, அவ்வேகத்திற்குக் கற்பிக்கப்பட்ட காரணம் ஒன்றே. பெர்னூலியின் அமுக்கக் கணக்கும் நியூட்டனின் எதிர்ச்செயல் கணக்கும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். எதைக் கொண்டு கணக்கிட்டாலும் முடிவு ஒன்றுதான்.

இந்த அமுக்க வித்தியாசம் எவ்வளவு சிறியது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். ஏ320 விமானத்தின் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். 78 டன்னை அதனால் வகுத்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 640 கிலோகிராம் வருகிறது. காற்று மண்டலமோ சதுர மீட்டருக்குப் பதினாயிரம் கிலோகிராமுக்கு மேல் அமுக்குகிறது. இறக்கையின் மேலுக்கும் கீழுக்கும் நூற்றில் ஆறு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், மலைபோன்ற விமானம் மிதக்கிறது. இயற்கையின் பெருஞ்செயல்கள் இத்தகைய சிறு வித்தியாசங்களால் நடைபெறுவது நினைக்குந்தோறும் வியப்பளிப்பதாகும்.

வேகம் இருமடங்கானால் இறக்கையின் தூக்கும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவேதான் விமானம் கிளம்புமுன் நெடுந்தூரம் ஓடி வேகம் சேர்க்கிறது. காற்று மெலிந்தால் விசையும் குறையும். லடாக்கிலுள்ள லே விமான நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 3,200 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரைக் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கே. வெயில் ஏறினால் அதுவும் மேலும் மெலிந்துபோகும். காலைக் குளிர்ச்சியிலேயே அங்கு விமானங்கள் பெரும்பாலும் வந்து போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இயந்திரம் விமானத்தைத் தூக்குகிறது என்று நினைப்பாரும் உளர். அதன் வேலை முன்னே உந்துவதுதான். இறக்கை தூக்குகிறது, எடை கீழே இழுக்கிறது, இயந்திரம் முன்னே உந்துகிறது, காற்றின் தடை பின்னே இழுக்கிறது. இந்நான்கு விசைகளையும், குறிப்பாகத் தூக்குவதையும் உந்துவதையும், வெவ்வேறாகப் பிரித்துச் சிந்தித்தவர் இங்கிலாந்து தேசத்து ஜார்ஜ் கேலி. 1799-ம் வருஷம் அவர் ஒரு வெள்ளித் தகட்டில் இவ்விசைகளின் படத்தைச் செதுக்கி வைத்தார். அதற்குமுன் பறக்க விரும்பியவர்கள் பறவையைப் போல இறக்கையை அடித்து, ஒரே உறுப்பினால் தூக்கவும் உந்தவும் முயன்று தோற்றார்கள். அசையாத இறக்கை, தனியான இயந்திரம் என்ற கேலியின் எண்ணமே இன்றுள்ள விமானங்களுக்கு வித்து.

அவ்வித்து மரமான வரலாற்றில்தான் நாம் வற்புறுத்த விரும்பும் பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்பவர் 1891 முதல் 1896 வரையில் இயந்திரமில்லாத கிளைடர்களில் ஏறத்தாழ 2,000 தடவை பறந்து, இறக்கைகளைப் பற்றிய அட்டவணைகளை வெளியிட்டார். அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களான வில்பரும் ஆர்வில்லும், அச்சில் வந்த கணக்குகளை நம்பியே தங்கள் கிளைடர்களை அமைத்தார்கள். 1901-ம் வருஷக் கிளைடர் எதிர்பார்த்த விசையில் மூன்றில் ஒரு பங்கையே தந்தது. கல்லூரிப் பட்டம் பெறாத அவ்விருவரும் என்ன செய்தார்கள்? தங்கள் கைவேலையை மட்டும் சந்தேகிக்கவில்லை, புத்தகத்தையும் சந்தேகித்தார்கள்.

ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியைச் செய்து, ஒரு முனையில் விசிறியைப் பொருத்தி, உள்ளே காற்றை ஓடவிட்டார்கள். இரம்பத் தகடுகளையும் சைக்கிள் சக்கரக் கம்பிகளையும் கொண்டு தராசுகள் செய்து, சுமார் 200 சிறு இறக்கை வடிவங்களை அதனுள் வைத்து அளந்தார்கள். காற்றின் விசையைக் கணக்கிட, ஸ்மீட்டன் என்ற ஆங்கில இன்ஜினீயரின் பெயரால் 18-ம் நூற்றாண்டு முதல் வழங்கி வந்த எண் 0.005. அவர்கள் கண்ட எண்ணோ ஏறத்தாழ 0.0033. நூற்றைம்பது வருஷ காலமாகப் பலரும் கையாண்டு வந்த எண் அது! அதைத் திருத்திய பிறகு, 1902-ம் வருஷக் கிளைடர் கணக்கிட்டபடியே பறந்தது. 1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, கிட்டி ஹாக் அருகே மணல் வெளியில், ஆர்வில் ரைட் இயந்திர விமானத்தில் 12 விநாடிகளில் 120 அடி தூரம் பறந்தார். அன்றே நான்காம் முறை வில்பர் 59 விநாடிகளில் 852 அடி பறந்தார். மனிதன் பறக்கக் கற்றது, அச்சேறிய பிழையைத் திருத்தியதன் பயனேயாகும்.

“பிழையான காரணத்தைப் படித்தால்தான் என்ன? விமானம் பறக்கத்தானே பறக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி இது. பிழையான விடையில் இறக்கையின் சாய்வுக்கு இடமே இல்லை. வளைவும் வேகமும்தான் உண்டு. உண்மையான விடையிலோ, காற்றை எதிர்கொள்ளும் கோணமே உயிர்நிலை. கோணத்தைக் கூட்டக் கூட்ட விசை பெருகும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கைக்கு அது ஏறத்தாழ 15 பாகை. அதனைக் கடந்தால், மேற்புறக் காற்றினால் இறக்கையின் முதுகை ஒட்டி வளைய முடிவதில்லை. அது பிய்ந்து சுழல்கிறது. தூக்கும் விசை சரிகிறது. விமானிகள் இதனை ஸ்டால் என்பார்கள். இயந்திரம் முழங்கிக்கொண்டே இருக்கும்; விமானம் விழும். அப்போது செய்ய வேண்டியது, மூக்கைக் கீழே தாழ்த்திக் கோணத்தைக் குறைப்பது. விழுகின்றவனுக்கு மேலே ஏறத்தான் மனம் துடிக்கும். அத்துடிப்பை அடக்கிக் கீழே நோக்கச் சொல்வது அறிவு ஒன்றுதான். 2,000 தடவை பறந்த லிலியந்தாலே, கிளைடர் இவ்வாறு விசையிழக்க, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள், 1896-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி, உயிர் துறந்தார்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2009-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447-ம் எண் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து, அதிலிருந்த 228 பேரும் மாண்டனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டதால் வேகமானிகள் பொய் காட்டின. தானியங்கி விலகிக்கொண்டது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கப்பட்டது. அது ஏறத்தாழ 38,000 அடி வரை ஏறி, ஸ்டால் நிலையை அடைந்து, மூன்றரை நிமிஷங்களில் கடலில் மோதியது. இயந்திரங்கள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கையின் கோணம் 35 பாகைக்கும் அதிகமாக இருந்தது. எச்சரிக்கை ஒலி பலமுறை ஒலித்தும், விமானிகள் ஸ்டால் நிலையை உணர்ந்துகொள்ளவில்லை என்று பிரெஞ்சு விசாரணை அறிக்கை 2012-ம் வருஷம் கூறிற்று. இறக்கையின் கோணத்தை விமானிகளுக்கு நேராகக் காட்டும் கருவி அவசியமா என்பதை ஆராய வேண்டுமென்றும் அது சிபார்சு செய்தது. பள்ளிப் பாடத்தின் பிழையால் அவர்கள் மாண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. இரவும், மேகமும், மாறுபட்ட கருவிகளும், போதாத பயிற்சியும் சேர்ந்து விளைத்த துயரம் அது. ஆனால், இறக்கையின் கோணம் என்ற ஒன்று எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இதனினும் கொடிய சாட்சியம் வேண்டுமோ?

நமது நாடு இத்துறையில் பின்தங்கிய நாடன்று. பெங்களூரில் 1940-ம் வருஷம் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1942-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் கல்வி ஆரம்பமாயிற்று. 1949-ல் ஸ்ரீ சி. ராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் நிறுவிய மதராஸ் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜியில் விமானக் கல்வி பயின்றவர்தான் அப்துல் கலாம். ஸ்ரீ வி. எம். காட்கேயின் குழுவினர் அமைத்த எச்.டி.-2 விமானம் 1951-ல் பறந்தது. தேஜஸ் போர்விமானம் 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி முதன்முதலாக வானில் எழுந்தது. பெங்களூர் தேசிய விமான ஆராய்ச்சிச்சாலையில் 1967 முதல் இயங்கிவரும் பெரிய காற்றுச் சுரங்கம், ரைட் சகோதரர்களின் மரப்பெட்டிக்கு வாரிசேயாகும். அங்கே எவரும் புத்தகம் சொல்கிறது என்பதற்காக ஓர் இறக்கையை நம்புவதில்லை. காற்றில் வைத்து அளந்த பிறகே நம்புகிறார்கள்.

ஆராய்ச்சிச்சாலையில் உள்ள இவ்வொழுக்கம் பள்ளிக்கூடத்திலும் இருக்க வேண்டாமா? உபாத்தியாயர்களை நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. ஒரு போஸ்டு கார்டு அளவுள்ள அட்டையைச் சற்றே வளைத்து, அதன் முதுகில் சிறு நூல் துண்டுகளை ஒரு முனை மட்டும் ஒட்டும்படி வரிசையாக ஒட்டி, மேஜை விசிறியின் முன்னே பிடிக்கச் சொல்லுங்கள். முன்விளிம்பைச் சிறிது உயர்த்தினால் அட்டை மேலே எழ முயல்வதைக் கை உணரும். நூல்கள் ஒழுங்காகப் படிந்திருக்கும். மேலும் மேலும் உயர்த்தினால் நூல்கள் படபடத்துத் திசைமாறும். விமான இன்ஜினீயர்களும் உண்மை இறக்கைகளில் நூல் ஒட்டி இவ்வாறே சோதிக்கிறார்கள். இச்சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பாக்கு வெற்றிலைச் செலவுகூட ஆகாது. இதனைச் செய்து பார்த்த மாணவன், விமானம் ஏன் பறக்கிறது என்பதையும், ஏன் விழுகிறது என்பதையும் ஒரே நாளில் அறிந்துகொள்வான். பிறகு அவனிடம் அப்பிழையான வாக்கியம் அச்சிட்ட புத்தகத்தைக் கொடுங்கள். எங்கே பிழை என்று அவனே விரல் வைத்துக் காட்டுவான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மவர் பழமொழி. அச்சில் படிப்பதற்கும் அது பொருந்தும். அழகாகச் சொல்லப்பட்ட காரணமெல்லாம் உண்மைக் காரணமாகிவிடாது. விமானம் புத்தகத்தின்மீது பறப்பதில்லை, காற்றின்மீது பறக்கிறது. நம் குழந்தைகளுக்கு விமானத்தைப் பற்றிச் சொல்லும்போது, காற்றையே சாட்சியாக அழைக்க அவர்களைப் பழக்குவோமாக.